பெல்ட்டில் வந்த அக்கா

செத்தவர்கள் கனவில் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கதவைத் தட்டுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். குப்பை பிரிக்கிற பெல்ட்டில் வருவார்கள் என்பதை அந்தப் பெண் சொல்லித்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"வாரா வாரம் வர்றா சார். செவ்வாய்க்கிழமை கொட்டுற லோடுல."

நாங்கள் நின்றது ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய தகரக் கொட்டகையில். வீடுகளில் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் காய்ந்த குப்பை எல்லாம் வண்டி வண்டியாக இங்கேதான் வந்து மலையாகக் குவிகிறது. நடுவில் ஒரு ரப்பர் பெல்ட் அலுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் கையுறையும் முகமூடியும் போட்ட பெண்கள். ஒருத்தி பாட்டிலைப் பொறுக்கினாள், ஒருத்தி அட்டையை, ஒருத்தி தகர டப்பாவை. பொறுக்கியதைத் திரும்பிப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பிக் கூண்டில் வீசினார்கள். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை. நான் என் வீட்டுக் கூடைக்கு இரண்டடி தள்ளி நின்று வீசினாலும் கட்டிலுக்கு அடியில்தான் போய் விழும்.

என் பக்கத்தில் மேடம், மூக்கைக்கூடப் பொத்தாமல் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் துப்பறிகிறவர். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கிற வேலை பார்த்தவர். நான் அவருடைய உதவியாளன். வாய் ஓயாது என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார். அணைக்க வேண்டும் என்று தோன்றும்போது மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

எங்களை வரவழைத்த பெண்ணின் வேலை பெல்ட்டில் வரும் பால் கவர்களைப் பொறுக்குவது. அவளுடைய அக்கா போன மழைக்காலத்தில் ஏரியில் விழுந்து செத்துப்போனதாகப் போலீஸ் எழுதி மூடிவிட்டது. கரையில் செருப்பும் கைப்பையும் கிடைத்தன. உடல் கிடைக்கவில்லை.

தங்கை தன் அலமாரியைத் திறந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். அதற்குள் பால் கவர்கள். கழுவி, காயவைத்து, மூன்றாக மடித்து, மடிப்பின் நுனியை உள்ளே செருகியிருந்தார்கள். மடித்தவை எல்லாம் ஒரு பெரிய கவருக்குள் வரிசையாக அடங்கியிருந்தன. என் சட்டைகளை நான் இதில் பாதி அக்கறையோடு மடித்ததில்லை.

"இது அக்கா மடிப்பு," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து இப்படித்தான். அம்மாகூடக் கிண்டல் பண்ணுவாங்க, பால் கவரைப் புடவை மாதிரி மடிக்கிறான்னு."

மேடம் ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "தேதி போன வாரம் போட்டிருக்கு."

"பேய் பால் குடிக்குமா மேடம்?" என்றேன்.

"குடிச்சாலும் கவரைக் கழுவாது. உயிரோட இருக்கிற கைதான் கழுவியிருக்கு." தங்கையின் பக்கம் திரும்பினார். "இது எவ்வளவு நாளா வருது?"

"ஒரு மாசமா இருக்கும். தெற்குப் பக்கம் வேற ஒரு ஷெட் இருந்துச்சு, தீப்பிடிச்சுப் போச்சு. அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் இப்ப இங்கதான் கொட்டுது."

"அப்ப பேய் வழி மாறி வரல, லாரிதான் மாறி வந்திருக்கு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"இந்த மடிப்பு வேற யாருக்குத் தெரியும்?" என்றார் மேடம்.

"வீட்ல எல்லாருக்கும் தெரியும். அக்கா பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூடத் தெரியும்."

"அப்ப அவங்கள்ல யாராவது மடிக்கலாமே."

"மடிக்கலாம். ஆனா மூலையைப் பாருங்க மேடம்."

பார்த்தோம். பால் ஊற்ற எல்லோரும் கவரின் ஒரு மூலையை நறுக்குவோம் அல்லவா, இதில் அந்த மூலை தனியாகப் போகவில்லை. பாதி வெட்டி விட்டு, மீதி கவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. அத்தனை கவரிலும் அப்படித்தான்.

தங்கை பெல்ட்டின் அடியைக் காட்டினாள். "நறுக்கிப் போடுற மூலை நகத்தளவுதான் இருக்கும். கையில சிக்காது. நழுவிப் போய், பெல்ட்டைச் சுத்துற அந்த உருளைக்குள்ள சேர்ந்துக்கும். அப்புறம் மெஷினை நிறுத்திட்டு ஆணியால நோண்டி எடுக்கணும். அக்காவும் மூலையை நறுக்கித்தான் போட்டுட்டு இருந்தா. ஒருநாள் இப்படித்தான் மெஷின் நின்னு போச்சு. எனக்கு எரிச்சல். சாயங்காலம் அக்காவுக்கு போன் பண்ணி, எல்லாம் பாத்துப் பாத்துச் செய்றியே, மூலையை மட்டும் ஏன்க்கா வெட்டிப் போடுறேன்னு சண்டை பிடிச்சேன். அவ சிரிச்சா. சரிடி, நாளைக்கு வர்ற பால்லேர்ந்து ஒட்டியே இருக்கும், போதுமான்னு கேட்டா. அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் காலையில செருப்புதான் கிடைச்சுது."

"உங்க அத்தான்?"

"அத்தான் சைக்கிள் கடை வச்சிருந்தார். சாமான் எடுக்க வெளியூர் போயிட்டு அன்னைக்கு ராத்திரி நேரம் கழிச்சுத்தான் வந்தாராம். அக்கா தூங்கிட்டு இருந்தா, எழுப்பலைன்னார். காலையில எழுந்தா ஆள் இல்ல. பால் வந்து கேட்ல மாட்டின பையில அப்படியே தொங்கிட்டு இருந்துச்சாம். பால் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்னு போலீஸ்ல சொன்னார்."

அவள் முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"மூலையை ஒட்டி வைக்கணும்னு எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் மேடம். அவ எங்கேயோ உயிரோட இருக்கா. நான் இந்த பெல்ட்ல நிக்கிறேன்னு அவளுக்குத் தெரியும். வெளியில சொல்ல முடியாம எனக்கு மட்டும் சொல்றா. அவ இருக்காளா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைத்தார். எங்கேயோ உறுத்துகிறது என்று அர்த்தம். எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

"அத்தான் இப்ப எங்கே?"

"கடையை மூடிட்டு வெளியூர் போறேன்னு போயிட்டார். எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஜாடை. உன்னைப் பாத்தா அவளைப் பாக்கிற மாதிரி இருக்கு, என்னால முடியலைன்னு அழுதார். போன் நம்பரைக்கூட மாத்திட்டார். வீட்டை விக்கவும் இல்ல, வாடகைக்கு விடவும் இல்ல. பூட்டிக் கிடக்கு. பின்பக்கம் அக்கா ஆசையா ஒரு உரக்குழி வச்சிருந்தா. காய்த் தோல், காஞ்ச இலை, எதையும் வீணாக்க மாட்டா. அத்தான் போறதுக்கு முன்னாடி பூச்சி வருதுன்னு அதுமேல சிமெண்ட் போட்டு மூடிட்டுப் போயிட்டார்."

"பூட்டின வீட்ல பூச்சி வந்தா யாரைக் கடிக்கப் போகுது?" என்றேன்.

"ரேடியோ," என்றார் மேடம். அணைந்தேன்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு தெற்குப் பக்கத்துக் குப்பை வண்டியின் பின்படியில் தொங்கினேன். மேடத்துக்கும் ஒரு சட்டை. தங்கை எப்போதும்போல் முகமூடியோடு இருந்தாள். வண்டியின் பின்பக்கத்தை ஒரு தகடு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் ஈரக் குப்பை, மறுபக்கம் காய்ந்த குப்பை. எங்களை ஏற்றிக்கொள்ள டிரைவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சும்மா நிற்கக் கூடாது, கூடையைத் தூக்கிக் கொட்ட வேண்டும்.

"எத்தனை வீடு இருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கிட்டு இருந்தா இந்த வேலைக்கு ஆவாது தம்பி. தூக்கு."

தூக்கினேன். ஒரு தெருவைத் தெரிந்துகொள்ள அதன் கூடைகளைத் தூக்கிப் பார்த்தால் போதும். வாசலில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் கூடையில் அடியில் முழுக்க இனிப்புப் பெட்டி. ஆள் இல்லாத வீடு என்று டிரைவர் சொன்ன ஒரு வாசலில் இரண்டு பேர் சாப்பிட்ட பொட்டலம். ஒரு அம்மாள் மூன்று வண்ணத்தில் மூன்று கூடை வைத்திருந்தார். மூன்றிலும் ஒரே குப்பைதான் இருந்தது.

"மேடம், இந்தத் தெருவுல பாதிப் பேரைக் கைது பண்ணலாம்," என்றேன்.

"நீ உன் கூடையை நினைச்சுக்கிட்டுப் பேசு."

"இதுல எங்கேன்னு பால் கவரைத் தேடுறது?"

"கவரைத் தேடாதே. கவரைக் கழுவுறவங்க மத்ததை அழுக்கா விட மாட்டாங்க. ஈ மொய்க்காத கூடையைத் தேடு."

அதன்பிறகு சுலபமாகிவிட்டது. ஈக்கள் எங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொரு வாசலாகச் சோதித்தன. மூன்றாவது தெருவின் கடைசியில், சாம்பல் நிற கேட் போட்ட ஒரு சின்ன வீட்டு வாசலில் மட்டும் அவை நிற்காமல் போயின.

கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். தகர டப்பாக்கள் லேபிள் உரித்து, கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தார்கள். பாட்டில் மூடிகள் தனியே ஒரு டப்பாவில். தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

"அக்கா," என்றாள் முகமூடிக்குள்.

ஆனால் கவர் இல்லை. நான் கூடையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். பால் கவர் ஒன்றுகூட இல்லை.

டிரைவர் மணி அடித்தார். வீட்டுக்குள் அவசரமாகச் செருப்புச் சத்தம். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு ஆள் ஓடி வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, சவரம் செய்யாத முகம், பல நாள் தூங்காத கண். கையில் மடித்து அடுக்கிய பால் கவர் கட்டு.

"இருங்க, இதை விட்டுட்டேன்," என்று கட்டை நீட்டினார்.

தங்கை முகமூடியைக் கீழே இழுத்தாள்.

அந்த ஆள் அவளைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிறகு அவர் பேசினார். எங்களிடம் பேசவில்லை. குரல் ஒரு குழந்தையின் குரலாக இருந்தது.

"வெட்டல," என்றார். "பாரு, ஒட்டித்தான் இருக்கு. ஒண்ணுகூட வெட்டல."

 அந்தக் குழப்பத்தில், காலையிலிருந்து நீட்டியதையெல்லாம் வாங்கி வண்டியில் போட்டுப் பழகிப்போன என் கை, அந்தக் கட்டையும் வாங்கிக் காய்ந்த குப்பைப் பக்கம் வீசியது. வண்டி நகர்ந்துவிட்டது. மேடம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

"அத்தான்?" என்றாள் தங்கை. "நீங்க இங்கேயா இருக்கீங்க?" அடுத்த நொடி அவரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடினாள். "அக்கா... அக்கா..."

*

அது இரண்டு அறை வீடு. ஓடித் தேட அதிக நேரம் ஆகவில்லை. கொடியில் ஒரே துண்டு. கட்டிலில் ஒரே தலையணை. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். சிங்க்குக்கு மேலே ஒரு நூல் கட்டி, கழுவிய கவர்களைக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார். பக்கத்தில் ஆணியில் ஒரு கத்தரிக்கோல். தங்கை அந்த நூலுக்குக் கீழே நின்றாள். கவர்களின் நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் தலையில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"அவ இங்க இல்லையா?"

அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது பெரிய மனிதரின் குரல் திரும்பியிருந்தது. "எங்கேம்மா இருப்பா? போனவ போயிட்டா. நான்தான்... அவ செய்ற மாதிரியே செஞ்சா, அவ உள்ள எங்கேயோ வேலையா இருக்கிற மாதிரி இருக்கு. உன்னைத் திடீர்னு பாத்ததும் அவன்னே நினைச்சுட்டேன். வெளியூர் போகணும்னுதான் கிளம்பினேன். முடியல. ஊரோட இந்த மூலைக்கு வந்துட்டேன்."

 ஒரு வாரமாகப் பேய், பேய் என்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். பேயும் இல்லை, மர்மமும் இல்லை. பெண்டாட்டியை மறக்க முடியாத ஒரு மனுஷன் தனியாக உட்கார்ந்து பால் கவரை மடித்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

தங்கை அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. நம்பிக்கை போகும்போது அழுகிற அழுகை வேறு மாதிரி இருக்கிறது. அழுகையோடே அவள் அவர் அருகில் போய் அவர் தோளில் கை வைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான். நானும் சேர்ந்து அழுதிருப்பேன்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போலாம் மேடம்," என்றாள்.

மேடம் கிளம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். தானே போய் எடுத்துக் குடித்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் பையில் காய்த் தோல்களைப் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. "இதை இப்படியேவா வண்டியில போடுவீங்க?"

"ஆமா."

"பின்னாடி நல்ல மண்ணு இருக்கு. ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒரு உரக்குழி வச்சிருக்கலாமே. அவங்க வச்சிருந்தாங்களே."

"எனக்கு அதெல்லாம் கைவராதுங்க."

"பால் கவரை இவ்வளவு நேர்த்தியா மடிக்க வருது. தோலை மண்ணுல போட்டு மூட வராதா?"

அவர் குழாயைப் பார்த்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் நூலிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"இப்படி மடிக்க யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"அவதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாத்துட்டு இருக்கேனே. எப்பவும் இப்படித்தான் செய்வா."

"எப்பவும் இப்படியேதானா? இந்த மூலை?"

"மூலையும்தான். வெட்டக் கூடாது, ஒட்டியே இருக்கணும்னு..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

தோளில் இருந்த தங்கையின் கை மெதுவாக எழுந்தது. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டாள். எனக்கு விளங்க இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று. அவளுக்கு அந்த நிமிஷம் தேவைப்படவில்லை.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க மனைவி எப்பவும் மூலையை நறுக்கித்தான் போட்டாங்க. ஒட்டி வைக்கிறேன்னு தங்கச்சிகிட்டச் சொன்னது கடைசி நாள் சாயங்காலம், போன்ல. நீங்க அப்ப வெளியூர்ல. ராத்திரி நீங்க வந்தப்ப அவங்க தூங்கிட்டாங்க, எழுப்பலைன்னு நீங்களே போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. காலையில பால் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னும் நீங்கதான் சொன்னீங்க. அப்ப இந்த மூலையைப் பத்தி உங்ககிட்ட யார் சொன்னா? எப்ப சொன்னா?"

அந்த மூலைதான் அக்கா உயிரோடு இருப்பதற்குச் சாட்சி என்று தங்கை கொண்டுவந்தாள். அதே மூலை இப்போது வேறு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து ஓடுவார் என்று நான் கதவை மறித்து நின்றேன். தேவையே இல்லை. பெரிய மூட்டையை இறக்கி வைக்கிறவர்போல் பெருமூச்சு விட்டார்.

"பால் வந்துடுச்சு," என்றார். "அவதான் எடுத்துட்டு வந்தா. எனக்குக் கடைக்கு நேரமாச்சு. ராத்திரி பஸ்ல வந்த அலுப்பு வேற. ஒரு காபி கேட்டேன். அவ சிங்க்ல நின்னு கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு அந்தக் கவரோட விளையாடிட்டு இருந்தா. பாதி வெட்டுறா, நிறுத்துறா, திருப்பிப் பாக்கிறா. சிரிப்பு வேற. தங்கச்சி சொல்லியிருக்கா, மூலையை வெட்டக் கூடாதாம், ஒட்டியே இருக்கணுமாம்னா. ஒரு பால் கவருக்கு இவ்வளவு நேரமான்னு பிடிச்சுத் தள்ளினேன். தள்ளத்தான் செஞ்சேன். சமையல் மேடையோட முனையில தலை..."

"மூச்சு இருந்துச்சா?" என்றார் மேடம்.

"பாக்கல."

"ஏன்?"

"இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் தள்ளினேன்னு அவ சொல்லுவாளே." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு வந்த புதுசுல கவரைக் கசக்கித்தான் போட்டேன். அன்னைக்கெல்லாம் குழாய் தானா ஓடுற சத்தம் கேட்கும். எழுந்து வந்து பாத்தா மூடித்தான் இருக்கும். ஒருநாள் அவ சொன்ன மாதிரி வெட்டாம மடிச்சு வச்சேன். சத்தம் நின்னுடுச்சு. அவ கடைசியாச் சொன்னது அது ஒண்ணுதான். அதையாவது செய்வோம்னு... வண்டி தெருவைத் திரும்பினா போச்சுன்னு நினைச்சேன். உன்கிட்ட வந்து சேரும்னு நினைக்கல."

தங்கை அவர் முன்னால் போய் நின்றாள். அக்காவின் முகத்தோடு நின்றாள். அவர் நிமிரவே இல்லை.

"அவ எங்க?" என்றாள். "ஏரியில இல்ல. சொல்லுங்க, எங்க?"

அவர் கண்கள் சிங்க்குக்கு அடியில் இருந்த தோல் பையில் போய் நின்றன. 

மேடம்தான் சொன்னார், அவளிடம் இல்லை, என்னிடம்.  "இவர் அவங்க பழக்கம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டார். ஒண்ணை மட்டும் தொடப் பயப்படுறார். தோலைக்கூட மண்ணுல போட முடியல."

பூட்டிய வீட்டில் பூச்சி வந்தால் யாரைக் கடிக்கப் போகிறது என்று நான் அடித்த ஜோக் எனக்கே ஞாபகம் வந்தது.  இன்ஸ்பெக்டருக்கு போன் போடச் சொல்லி மேடம் சைகை காட்டினார். வாசலுக்குப் போய் எண்களை அழுத்தினேன்.

*

பழைய வீட்டு உரக்குழியின் சிமெண்ட்டை உடைத்தார்கள். அக்கா அங்கேதான் இருந்தாள்.

எல்லாக் காரியமும் முடிந்து தங்கை வேலைக்குத் திரும்பினாள் என்று கேள்விப்பட்டு, நானும் மேடமும் கொட்டகைக்குப் போனோம். வீட்டில் இருக்கலாமே என்று மேடம் கேட்டார். வீட்டில் இருந்தால் சுவர் பேசுகிறது, இங்கே சத்தம் இருக்கிறது, பரவாயில்லை என்றாள். அலமாரியில் சேர்த்து வைத்த கவர்களையெல்லாம் போலீஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

"அந்தக் கவர்ல ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ராத்திரி தூக்கம் வரலைன்னா கன்னத்துல வச்சுக்குவேன் மேடம்," என்றாள் பெல்ட்டிலிருந்து கண் எடுக்காமல். "அக்கா கைன்னு நினைச்சு. அவர் கையைப் போய்..."  மேடம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அப்போதுதான் அது வந்தது. முற்றத்தில் தேங்கிக் கிடந்த பழைய லோடு ஒன்றை அன்றைக்குத்தான் பெல்ட்டில் ஏற்றியிருந்தார்கள். அட்டைக்கும் பாட்டிலுக்கும் நடுவே, ஒரு துளி அழுக்கு ஒட்டாமல், மடித்து அடுக்கிய அந்தக் கட்டு மெதுவாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்த வாசலில் என் கையால் வாங்கி நான் வண்டியில் வீசியது.

தங்கை எடுத்தாள். அதற்குள் பெல்ட்டில் வேறு கவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் கேட்காமல் எட்டி அவற்றையும் சேர்த்துப் பொறுக்கினாள். தங்கை கட்டைப் பிரித்து ஒரு கவரின் மூலையைக் கையுறை விரலால் தொட்டுப் பார்த்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். அல்லது மறுபடி அலமாரிக்குக் கொண்டுபோவாள் என்று நினைத்தேன்.

"மடிச்சது அவர்," என்றாள். "சொன்னது அக்கா. அவகிட்டச் சொன்னது நான்."

 அன்றைக்கு மட்டும் ரேடியோவை யாரும் அணைக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கட்டை மறுபடி சரியாக மடித்தாள். பின்னால் திரும்பி, மற்றவர்களைப் போல வீசாமல், இரண்டு அடி நடந்து போய்க் கூண்டுக்குள் கை நீட்டிக் கீழே வைத்தாள். வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

"போய்ச் சேரட்டும்," என்றாள். "அவ ஆசைப்பட்டது அதுதான்."

இப்போதெல்லாம் காலையில் என் வீட்டில் பால் கவரையும் கத்தரிக்கோலையும் எடுக்கிறேன். மூலையில் பாதி வெட்டியதும் கை தானாக நின்றுவிடுகிறது. குழாயைத் திறந்து கவரைக் கழுவுகிறேன். மூடியபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.